டைம்ஸ்டாம்பை (கம்ப்யூட்டர் தரும் நேரக்குறியை) வைத்து ஐடி உருவாக்குவது எப்படி? ஒரே நொடியில் இரண்டு பில் வந்தால் என்ன ஆகும்?

2017 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு ஜவுளிக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த பில்லிங் மென்பொருளில் ஒரு பில் காணாமல் போனது. பில் எண்ணை நான் அமைத்திருந்த விதம் இதுதான்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, எல்லாவற்றையும் ஒட்டி 14 இலக்கம். 20171016184207 என்றால் அக்டோபர் 16, மாலை 6 மணி 42 நிமிடம் 7 நொடி. பார்த்தவுடனே எப்போது போட்ட பில் என்று தெரிந்துவிடும் என்பதால் கடைக்காரருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதே எண்ணைத்தான் பிடிஎஃப் கோப்புக்கும் பெயராக வைத்தேன். ஒரே கவுன்ட்டரில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது, ஒரு புகார் இல்லை.

பண்டிகைக் கூட்டத்துக்காக இரண்டாவது கவுன்ட்டர் போட்டார்கள். மேலே எண்ணில் காட்டிய அந்த நொடியில் முதல் கவுன்ட்டரில் மூன்று புடவை, 7,450 ரூபாய். அதே நொடியில் இரண்டாவதில் ஒரு வேட்டி, 390 ரூபாய். இரண்டுக்கும் ஒரே எண், ஒரே கோப்புப் பெயர். பின்னால் வந்த வேட்டி பில், புடவை பில்லின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் 7,450 ரூபாய் அதிகம், இருப்பில் மூன்று புடவை குறைவு. கல்லாவில் இருந்த அக்கா 11 மணி வரை உட்கார்ந்து நோட்டை எண்ணிக்கொண்டே இருந்தார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. தவறு நான் எழுதிய ஒரு வரியில் இருந்தது.

அன்றைக்கு எனக்குப் புரிந்த விஷயத்தைத்தான் இங்கே செய்முறையாக எழுதுகிறேன். நேரம் வரிசையைத் தரும், எது முந்தி எது பிந்தி என்று சொல்லும். ஆனால் இரண்டு பொருளை வேறு வேறு என்று பிரித்துக் காட்டுவது நேரத்தின் வேலையே இல்லை. அதை நாம்தான் வேறு எதையாவது சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

முதலில், கையில் என்ன கிடைக்கிறது

கம்ப்யூட்டர் தரும் டைம்ஸ்டாம்ப் பெரும்பாலும் யூனிக்ஸ் நேரம்தான். 1970 ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆனது என்ற எண். 1700000000 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் அது 2023 நவம்பர் 14, யூடிசி 22:13:20. நமக்கு அது மறுநாள் அதிகாலை 3:43:20. நொடியில் கேட்டால் இன்றைக்கு 10 இலக்கம் வரும், மில்லிசெகண்டில் 13, மைக்ரோசெகண்டில் 16, நானோசெகண்டில் 19. ஜாவாஸ்கிரிப்ட் மில்லிசெகண்டில் தருகிறது. பைத்தானில் வழக்கமாகக் கூப்பிடுவது நொடியைத் தசம எண்ணாகத் தரும், அதன் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது, 3.7 பதிப்பிலிருந்து நானோசெகண்டை முழு எண்ணாகவே தரும் இன்னொன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நொடியில் மோதுகிறதா, சரி, மில்லிசெகண்டுக்குப் போய்விடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அன்று இரவே மாற்றியும் விட்டேன். மறுநாள் அதைச் சோதித்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நீங்களும் செய்து பாருங்கள்: ஒரு லூப் போட்டு, ஆயிரம் முறை மில்லிசெகண்ட் நேரத்தைக் கேட்டு ஒரு பட்டியலில் சேருங்கள், அப்புறம் அதில் எத்தனை வேறு வேறு எண் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆயிரம் வராது. சில நேரம் ஒன்றே ஒன்றுதான் வரும், ஏனென்றால் ஆயிரம் முறை சுற்றி முடிக்க இன்றைய கம்ப்யூட்டருக்கு ஒரு மில்லிசெகண்டே போதும்.

சரி, நானோசெகண்ட்? எண்ணில் 19 இலக்கம் இருப்பதால் கடிகாரம் நானோசெகண்டுக்கு ஒருமுறை நகர்கிறது என்று அர்த்தம் இல்லை. விண்டோஸில் கடிகாரம் வழக்கமாக ஏறத்தாழ 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் ஒரு அடி எடுத்து வைக்கும். அந்த இடைவெளிக்குள் பழைய முறையில் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில். கடைசியில் நீளமாகப் பூஜ்யங்கள் தெரிந்தால் உங்கள் கடிகாரம் அவ்வளவு நுணுக்கம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். கடிகாரம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் இரண்டு வேறு மெஷின்கள் ஒரே எண்ணைப் பார்ப்பதை யாராலும் தடுக்க முடியாது, அது வேறு.

ரேண்டம் எண்ணை ஒட்டினால்?

அடுத்து எல்லோரும் செய்வது, மில்லிசெகண்டோடு ஒரு 4 இலக்க ரேண்டம் எண்ணை ஒட்டுவது. பத்தாயிரம் வாய்ப்பு இருக்கிறதே, எங்கே மோதப்போகிறது என்று தோன்றும். வகுப்பில் 23 பேர் இருந்தாலே யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று படித்திருப்போமே, அதே கணக்குதான் இங்கேயும். ஒரே மில்லிசெகண்டில் ஏறத்தாழ 118 ஐடி உருவானால், அதில் ஏதாவது இரண்டு மோதப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கடைக்கு இது போதும், ஒரே லூப்பில் ஐயாயிரம் வரியை டேட்டாபேஸில் ஏற்றும் இம்போர்ட் வேலைக்குப் போதவே போதாது.

ஆனால் ரேண்டம் பகுதி போதுமான அளவு பெரிதாக இருந்தால் இந்த வழி நல்ல வழிதான். யூயூஐடி என்ற பொதுத்தர ஐடி வடிவத்தின் 7-ஆம் பதிப்பு அதைத்தான் செய்கிறது. மொத்தம் 128 பிட் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1). முதல் 48 பிட்டில் மில்லிசெகண்ட் நேரம். பதிப்பு எண்ணுக்கு 4, வகைக் குறிக்கு 2 பிட் போக, மீதி 74 பிட்டும் ரேண்டம். 2024 மே மாதம் ஆர்எஃப்சி 9562 என்ற தரத்தில் இதைச் சேர்த்தார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 18-ஆம் பதிப்பிலும் பைத்தான் 3.14-லும் இது உள்ளேயே வருகிறது, மற்ற மொழிகளில் லைப்ரரி கிடைக்கும். என்ன பயன்படுத்துவது என்று குழப்பமாக இருந்தால், என் பதில் இதுதான்: யூயூஐடி 7-ஐ எடுத்துக்கொண்டு, இந்தக் கட்டுரையின் மீதியை ஆர்வத்துக்காகப் படியுங்கள். சொந்தமாக எழுதினால்தான் ஆகும் என்ற கட்டாயம் பலருக்கும் இருப்பதில்லை.

முழுக்க ரேண்டமான 4-ஆம் பதிப்பு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். டேட்டாபேஸ் இண்டெக்ஸ் என்பது அகராதி மாதிரி வரிசையாக அடுக்கி வைத்த பக்கங்கள். நேரத்தில் தொடங்கும் ஐடி எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் போய்ச் சேரும். ரேண்டம் ஐடி ஒவ்வொன்றும் நடுவில் எங்காவது ஒரு பக்கத்தைப் பிரித்துக்கொண்டு நுழையும். டேபிள் சின்னதாக இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. கோடிக்கணக்கில் வரி சேர்ந்து, இண்டெக்ஸ் நினைவகத்தில் அடங்காத அளவுக்கு வளர்ந்த பிறகு இன்ஸர்ட் (புது வரி சேர்ப்பது) இழுக்க ஆரம்பிக்கும்போது தெரியும்.

எண்ணாகவே வேண்டும், சின்னதாக வேண்டும் என்றால்

யூயூஐடி எழுதினால் 36 எழுத்து. 64 பிட்டுக்குள் அடங்கும் ஒரு முழு எண் வேண்டும் என்றால் ட்விட்டர் 2010-ல் கொண்டுவந்த ஸ்னோஃபிளேக் முறைதான் வழி. எனக்குப் பிடித்த முறையும் இதுதான், ஏனென்றால் இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. ஒரு ஐடிக்குள் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கும்: எப்போது, எந்த மெஷின், அந்த மில்லிசெகண்டில் எத்தனையாவது. நேரத்துக்கு 41 பிட், மெஷின் எண்ணுக்கு 10 பிட், வரிசை எண்ணுக்கு 12 பிட். அதாவது 1,024 மெஷின், ஒவ்வொன்றும் மில்லிசெகண்டுக்கு 4,096 ஐடி.

41 பிட்டில் மில்லிசெகண்ட் வைத்தால் ஏறத்தாழ 69 வருடம் தாங்கும். 1970-லிருந்து எண்ணினால் அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வீணாகப் போய்விட்டது. அதனால் உங்கள் சொந்தத் தொடக்க நாள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கார்டு 2015 தொடக்கத்தை வைத்திருக்கிறது. நான் 2024 ஜனவரி 1-ஐ வைக்கிறேன், மில்லிசெகண்டில் அது 1704067200000. ஒருமுறை வைத்த பிறகு இதை எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது.

செய்முறை, எந்த மொழியிலும் எழுதிக்கொள்ளும்படி (‘கடைசி’ என்பது இதற்கு முந்தைய ஐடிக்கு எடுத்த நேரம்):

இப்போது = மில்லிசெகண்டில் நேரம்
இப்போது < கடைசி என்றால்: கடிகாரம் பின்னால் போயிருக்கிறது, சில மில்லிசெகண்ட் என்றால் ‘கடைசி’ வரும்வரை காத்திருந்து நேரத்தை மறுபடி எடு, அதிகம் என்றால் பிழை சொல்லி நில்
இப்போது = கடைசி என்றால்: வரிசையில் 1 கூட்டு
வரிசை 4095-ஐத் தாண்டினால்: அடுத்த மில்லிசெகண்ட் வரும்வரை காத்திரு, நேரத்தை மறுபடி எடு, வரிசை = 0
இப்போது > கடைசி என்றால்: வரிசை = 0
கடைசி = இப்போது
ஐடி = (இப்போது − தொடக்கம்) × 4194304 + மெஷின் × 4096 + வரிசை

4194304 என்பது 2-இன் 22-ஆம் அடுக்கு, மெஷினுக்கும் வரிசைக்கும் சேர்த்து 22 பிட் இடம் ஒதுக்குகிறோம். இந்த ஏழு வரியும் ஒரு பூட்டுக்குள், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழையும்படி, இருக்க வேண்டும். இரண்டு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து ‘கடைசி’யை இரண்டு பேரும் படித்துவிட்டால் மறுபடி அந்த ஜவுளிக்கடைக் கதைதான்.

ஒன்றைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 2025 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவு. மில்லிசெகண்டில் 1735689600000. தொடக்கத்தைக் கழித்தால் 31622400000. அதை 4194304-ஆல் பெருக்கி, மெஷின் எண் 3 என்பதால் 12288 கூட்டி, வரிசை எண் 7 கூட்டினால் வருவது 132633958809612295. திருப்பியும் போகலாம்: 4194304-ஆல் வகுத்தால் ஈவு 31622400000, மீதி 12295. மீதியை 4096-ஆல் வகுத்தால் 3, மிச்சம் 7. ஒரு ஐடியைப் பார்த்தே எந்த சர்வரில், எந்த நொடியில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். நள்ளிரவில் பிழை தேடும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்பது, ஒருமுறை தேடியவர்களுக்குத் தெரியும்.

இந்த எண்ணை அப்படியே ஜாவாஸ்கிரிப்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், இங்கேதான் பலர் விழுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் சரியாகக் காக்கும், அதாவது 16 இலக்கம். நம்முடையது 18 இலக்கம். உலாவியில் அது 132633958809612290 என்று ஆகிவிடும். கடைசி இலக்கம் மட்டும்தானே என்று விட்டுவிட முடியாது. இந்த அளவு எண்ணில் அது 16-16 ஆகத்தான் தாண்டும், அதனால் அதே மில்லிசெகண்டில் அதே மெஷினில் பிறந்த, வரிசை எண் 0 முதல் 7 வரையுள்ள எட்டு ஐடியும் உலாவியில் ஒரே எண்ணாகத் தெரியும். டேட்டாபேஸில் எட்டு வரி, திரையில் எட்டும் ஒன்று, ஒன்றை அழிக்கச் சொன்னால் வேறு எதுவோ அழியும், அல்லது எதுவும் அழியாது. ட்விட்டரே இதற்காகத்தான் ஏபிஐ-யில் (மற்ற புரோகிராம்கள் தகவல் கேட்கும் வழியில்) ஐடியை எண்ணாகவும் எழுத்தாகவும் இரண்டு முறை அனுப்பியது. அப்படித் தகவல் அனுப்பும் ஜேசன் வடிவத்தில் ஐடியை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே அனுப்புங்கள், அவ்வளவுதான். எக்ஸெலுக்கும் இதே எச்சரிக்கை: 15 இலக்கத்துக்கு மேல் அது காக்காது, மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். கணக்குப் பிரிவுக்குச் சிஎஸ்வி அனுப்பி, அவர்கள் அதை எக்ஸெலில் திறந்து சேமித்துத் திருப்பி அனுப்பினால் எல்லா ஐடியும் 000 என்று முடிந்திருக்கும், பழைய எண்ணை அதிலிருந்து மீட்க வழியே கிடையாது.

மெஷின் எண்ணை யார் கொடுப்பது

முறையில் கஷ்டமான இடம் கணக்கு இல்லை, இதுதான். இரண்டு சர்வருக்கு ஒரே மெஷின் எண் போய்விட்டால் மொத்த உத்தரவாதமும் போச்சு. கான்ஃபிக் கோப்பில் 1 என்று எழுதிவைத்து, அந்த சர்வரை அப்படியே நகலெடுத்து இன்னொன்று ஏற்றுவார்கள், அதிலும் 1 இருக்கும். டாக்கர் என்ற கருவியில் ஒரே இமேஜிலிருந்து (அச்சிலிருந்து) பத்து கன்டெய்னர் எழும்பினாலும் அப்படியே. ஒரே மெஷினில் நான்கு வொர்க்கர் புராசஸ் (ஒரே புரோகிராமின் நான்கு ஓட்டம்) ஓடினால், அந்த நான்கும் தனித்தனிப் பிரதி, ஒருவரின் பூட்டு மற்றவருக்குத் தெரியாது. ஆகவே எண் மெஷினுக்கு ஒன்று என்பதைவிட புராசஸுக்கு ஒன்று என்று கொடுப்பதுதான் சரி. நான் செய்வது: டேட்டாபேஸில் ஒரு சின்ன டேபிள், 0 முதல் 1023 வரை வரிகள், புராசஸ் தொடங்கும்போது காலியாக இருக்கும் ஒரு வரியைத் தன் பேரில் எடுத்துக்கொள்ளும், சில நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும், புதுப்பிக்க முடியாமல் போனால் ஐடி கொடுப்பதை உடனே நிறுத்திவிடும். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், வரியை இழந்த புராசஸ் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை.

கடிகாரம் பின்னால் போகும்

நேரம் முன்னால் மட்டும்தான் போகும் என்று மனிதர்களாகிய நாம் நினைக்கிறோம். கம்ப்யூட்டர் கடிகாரம் அப்படி இல்லை. என்டிபி என்ற இணைய நேர ஒழுங்குமுறை அதைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும். வித்தியாசம் சிறிதாக இருந்தால் கடிகாரத்தின் வேகத்தை மெல்லக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும். அதைச் செய்யும் என்டிபிடி புரோகிராமின் வழக்கமான எல்லையான 128 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஒரே தாவாகத் தாவும், சில நேரம் பின்னோக்கி. அப்போது ஏற்கெனவே கொடுத்து முடித்த நேரம் மறுபடி வரும். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் எப்போதாவது சேர்க்கும் ஒரு நொடியான லீப் செகண்டும் அப்படித்தான்: யூனிக்ஸ் நேரத்தில் அந்த ஒரு நொடிக்குத் தனி எண் கிடையாது. 1972-லிருந்து 27 முறை சேர்த்திருக்கிறார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31-இல். 2012 ஜூனில் சேர்த்தபோது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த ஒரு பிழையால் பல தளங்கள் படுத்துவிட்டன.

மேலே செய்முறையின் இரண்டாவது வரி இதற்காகத்தான். சில மில்லிசெகண்ட் என்றால் காத்திருக்கலாம். பின்னால் போனது ஐந்து நிமிடம் என்றால் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை, பிழை என்று சொல்லி நிற்பதுதான் நேர்மை. தப்பான ஐடி கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல். புராசஸை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் ‘கடைசி’ என்ற மதிப்பும் மறந்துபோகும் என்பதையும் கவனியுங்கள். அந்த இடைவெளியில் கடிகாரம் பின்னால் போயிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது, அதனால் அவ்வப்போது அதைக் கோப்பிலோ, மெஷின் எண் வைத்திருக்கும் அதே டேபிளிலோ எழுதிவையுங்கள்.

உள்ளூர் நேரத்தை ஐடியில் எடுக்கவே வேண்டாம். நம் நாட்டில் கடிகாரத்தைத் திருப்பும் பழக்கம் இல்லை என்பதால் இது நமக்கு உறைப்பதில்லை, ஆனால் அமெரிக்க நேர மண்டலத்தில் அமைத்த சர்வரில் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு மணி நேரம் முழுதாக இரண்டு முறை வரும். எப்போதும் யூடிசி. நேரத்தை 32 பிட்டில் வைக்கவும் வேண்டாம், 2038 ஜனவரி 19-இல் அது நிரம்பிவிடும்.

எங்கே பயன்படுத்தக்கூடாது

பாஸ்வேர்டு மாற்றும் லிங்க், லாகின் செஷன், ஓடிபி, யாருக்கும் தெரியக்கூடாத கோப்பின் முகவரி, இவற்றில் டைம்ஸ்டாம்ப் ஐடி வரவே கூடாது. பிஎச்பி-யில் யூனிக்ஐடி என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, பெயரைப் பார்த்து நம்பிவிடுவார்கள். அது தருவது மைக்ரோசெகண்ட் நேரத்தைப் பதினாறடிமான எண்ணாக எழுதிய 13 எழுத்து மட்டும்தான். நீங்கள் எந்த நொடியில் பட்டனை அழுத்தினீர்கள் என்று தெரிந்தவருக்குத் தேட வேண்டியது பத்து லட்சம் வாய்ப்பு, கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுமே இல்லை. ரகசியம் என்றால் மொழியில் இருக்கும், யாரும் ஊகிக்க முடியாத கிரிப்டோ ரேண்டம் மட்டும்தான்.

ஐடி சொல்லிவிடும் விஷயங்களையும் யோசியுங்கள். யூயூஐடி முதல் பதிப்பு நேரத்தோடு நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியையும் (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி எண்ணையும்) சேர்த்து எழுதியது. 1999-இல் மெலிசா வைரஸைத் தேடியவர்களுக்கு வேர்ட் கோப்புக்குள் இருந்த அப்படிப்பட்ட ஒரு ஐடி ஒரு துப்பாகக் கிடைத்தது. நல்லவர்களுக்கு உதவியதே என்று எண்ணலாம், ஆனால் அதே வழியில் சாதாரண ஆள் எழுதிய கோப்பும் அவர் கம்ப்யூட்டரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. யூயூஐடி 7-லும் ஸ்னோஃபிளேக்கிலும் மேக் முகவரி இல்லை, நேரம் மட்டும் தெரியும். ஒரு நோயாளியின் பதிவு எண்ணில் அவர் எந்த நாளில் மருத்துவமனைக்கு வந்தார் என்பது தெரியலாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் என்றால் வெளியே காட்ட மாட்டேன்.

பில் எண்ணும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் இடைவெளி இல்லாத தொடர்வரிசையாக, 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டுக்குள் தனித்ததாக இருக்க வேண்டும். டைம்ஸ்டாம்பில் இடைவெளி இருக்கத்தான் செய்யும். ஆகவே அந்த ஜவுளிக்கடையில் இப்போது இரண்டு எண்: உள்ளே டேட்டாபேஸுக்கு ஒரு ஸ்னோஃபிளேக் ஐடி, தாளில் அச்சாவது கவுன்ட்டர் எழுத்தோடு தொடங்கும் தொடர் எண். ஏ கவுன்ட்டருக்கு ஒரு வரிசை, பி கவுன்ட்டருக்கு ஒரு வரிசை. ஒன்றை ஒன்று தொடாது.

ஓட்டுவதற்கு முன் சோதனை

ஐடி உருவாக்கும் புரோகிராமை நான்கு புராசஸாக ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் ஐடி எடுத்து, ஒரே கோப்பில் கொட்டி, வரிசைப்படுத்தி, இரட்டை ஏதும் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தைக் கையால் இரண்டு நிமிடம் பின்னால் தள்ளுங்கள். பிழை சொல்லி நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்து ஐடி கொடுத்தால் செய்முறையின் இரண்டாவது வரி வேலை செய்யவில்லை. மூன்றாவதாக, நிறுத்தித் திரும்பத் தொடங்கி அதையே செய்யுங்கள், பலருடைய புரோகிராம் இங்கேதான் தோற்கும்.

எல்லாம் சரியாக வந்தாலும் டேட்டாபேஸில் அந்த ஐடி நெடுவரிசைக்கு, இரட்டையை ஏற்காத யூனிக் கட்டுப்பாடு கட்டாயம் போடுங்கள். கோப்பாகச் சேமிப்பதாக இருந்தால், ஏற்கெனவே அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் திறக்க மறுக்கும் முறையில் திறங்கள். பைத்தானில் எழுதும் முறைக்கு (w) பதிலாக, ‘புதிதாக மட்டும் உருவாக்கு’ என்ற முறை (x) இருக்கிறது. 2017-இல் அந்த ஒரு எழுத்தை மாற்றியிருந்தால் வேட்டி பில்லுக்குத் திரையில் ஒரு பிழைச் செய்தி வந்திருக்கும், கவுன்ட்டர் பையன் இன்னொரு முறை பட்டனை அழுத்தியிருப்பான், அக்கா ஒன்பதரைக்கே வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்.